தட்டை மூக்கு ரவை

1

நான் இத்தாலியில் உள்ள பலேர்மோவுக்கு வந்து இந்த நவம்பரோடு பதினான்கு வருடம். முதல் ஒன்பது வருடமும் மற்றவர்களின் வீடுகளைத் துடைத்தேன். கடைசி ஐந்து வருடமாக ஒரு துவக்குக் கடையில், அதாவது துப்பாக்கிக் கடையில், நிற்கிறேன். இந்த இரண்டாவது விஷயத்தை நான் ஊருக்கு எழுதியதில்லை. யாராவது கேட்டால் "கடையில் வேலை" என்பேன். என்ன கடை என்று ஒருவரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. இந்த நவம்பரில் நடந்ததற்குப் பிறகு அதை ஒளித்து வைக்க எனக்கு மனமில்லை. அதனால் எழுதுகிறேன்.

கடை போர்கோ வெக்கியோ சந்தையிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. வேட்டைத் துவக்கு, ரவை, சப்பாத்து, நாயின் கழுத்தில் கட்டும் மணி எல்லாம் விற்போம். ரவை என்றால் உப்புமாவுக்குப் போடுவது அல்ல. எங்கள் பக்கத்தில் துவக்கில் போட்டுச் சுடுவதையும் ரவை என்றுதான் சொல்வோம். இலங்கையில் சண்டை நடந்த வன்னியில் வளர்ந்தவர்களுக்கு முதலில் இந்த ரவைதான் நினைவுக்கு வரும்.

கடை சிஞ்ஞோரா அகத்தா என்ற இத்தாலிய அம்மாவுடையது. கணவர் இறந்தபிறகு அவரே தனியாக நடத்துகிறார். என்னை எடுத்தது நிலம் துடைக்கவும் கண்ணாடி அலுமாரி துடைக்கவும்தான். பிறகு சிஞ்ஞோராவின் கண்ணில் புரை விழுந்தது. சத்திரசிகிச்சைக்குப் பயந்து தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறார். பெட்டிகளில் உள்ள பொடி எழுத்து அவருக்குத் தெரியாது. "றஞ்சினி, இதிலை என்ன எழுதியிருக்கு, வாசி" என்பார், இத்தாலியனில்; நான் எங்கள் பேச்சில் எழுதுகிறேன். வாசிப்பேன். முதல் வருடம் எது எந்த இழுப்பு லாச்சியில் இருக்கிறது என்று பழகினேன். இரண்டாம் வருடம் ஏன் அப்படி வைத்திருக்கிறார்கள் என்று கேட்கத் தொடங்கினேன். வேட்டைக்காரர் தமக்குள் கதைப்பதையும் கேட்டுக்கொண்டே கண்ணாடி துடைத்தேன். மூன்றாம் வருடம் வாடிக்கையாளர்கள் நேரே என்னிடம் வந்தார்கள். பதிவேட்டில் கையெழுத்து சிஞ்ஞோராவுடையது. தெரிந்து எடுத்துக் கொடுப்பது நான். ஒப்பந்தப் பத்திரத்தில் மட்டும் நான் ஐந்து வருடமும் துப்புரவுப் பெண்.

2

தேவாலயத்தில் ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து வெளியே நிற்கும்போது, யாழ்ப்பாணத் தீவுப் பக்கத்து அக்கா ஒருவர் ஒருநாள் கேட்டார்.

"நீர் வன்னியிலை அவ்வளவத்தையும் பாத்திட்டு வந்தனீர். அந்தச் சாமானைத் தொட உமக்கு எப்பிடி மனம் வருது?"

"அங்கை ஒருத்தரும் என்னைக் கேட்டுச் சுடேல்லை அக்கா. இஞ்சை என்னைக் கேட்டுத்தான் ரவை வாங்கீனம்" என்றேன்.

என் இடது காலில், சண்டையில் பாய்ந்த ஒரு குண்டுச் சன்னம் இன்னும் இருக்கிறது. விமான நிலையத்தில் கருவி சத்தம் போடும். அதைக் காட்டி இரக்கம் வாங்கியும் இந்த நகரத்தில் பிழைக்கலாம். எனக்கு அந்தப் பிழைப்பு வேண்டாம்.

பாஷைதான் என்னைச் சில இடங்களில் கவிழ்த்தது. துவக்குக் குண்டுக்கு இத்தாலியர் 'பல்லா' என்பார்கள். பலதென்றால் 'பல்லே'. தனியாகக் கடையில் நின்ற முதல் வாரத்தில் ஒரு பெரியவரிடம், "உங்களிடம் ஏற்கெனவே குண்டு இருக்கிறதா?" என்று கேட்க நினைத்து, "உங்களுக்குப் பல்லே இருக்கா?" என்று மிகவும் மரியாதையாகக் கேட்டேன். அவர் கவுண்டரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னபோது அவள் முகம் சிவந்துபோனது. அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தமும் உண்டாம்; ஓர் ஆண்பிள்ளையிடம் கேட்கக்கூடாத உறுப்பைப் பற்றிக் கேட்டிருக்கிறேன்.

மகள் அபிக்குப் பதினாறு வயது. இரண்டு வயதில் தூக்கிக்கொண்டு வந்தேன். இப்போது பலேர்மோவின் ஒரேத்தோப் பகுதியில் பிறந்த பிள்ளைகளைப் போலவே இழுத்து இழுத்து இத்தாலியன் கதைக்கிறாள். தமிழில் ஒரு வசனம் தொடங்கினால் பாதியில் கைவிட்டுவிடுவாள். போன வருடத்திலிருந்து இறைச்சி சாப்பிடுவதில்லை. பன்றி வேட்டைக்கு ரவை விற்கும் என் வேலை அவளுக்கு அருவருப்பு.

"பண்டியை நான் சுடேல்லை பிள்ளை" என்று ஒருமுறை சொன்னேன்.

"ஓம், மற்றவை சுடுறதுக்கு நீங்கள் தெரிஞ்சு குடுக்கிறீங்கள். அது இன்னும் மோசம்" என்றாள்.

யோசித்துப் பார்த்தால் இதுதான் என் பதில்: மதோனியே மலையில் காட்டுப் பன்றி தோட்டங்களை உழுது போடுகிறது. என்னைக் கேட்டாலும் கேட்காவிட்டாலும் சுடத்தான் போகிறார்கள். அது ஒரே வெடியில் விழுமா, குடல் இழுபட இரண்டு நாள் பற்றைக்குள் கிடந்து சாகுமா என்பதில் மட்டும்தான் எனக்குக் கொஞ்சம் அதிகாரம் இருக்கிறது. அந்தக் கொஞ்சத்தை நான் விட்டுக்கொடுப்பதில்லை.

3

இந்த நவம்பரின் பிரச்சினையைக் கொண்டுவந்த வழக்கறிஞர் கடைக்கு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல். எல்லாரும் அவரை இத்தாலியனில் 'அவ்வொக்காத்தோ', அதாவது வழக்கறிஞர், என்றுதான் கூப்பிடுவார்கள். ஐம்பது வயதிருக்கும். ஒரு மாதத்துக்கு முன் எங்களிடமே ஒரு துவக்கு வாங்கியிருந்தார். விசைக்குக் கீழே வளையம் போல ஒரு கைப்பிடி. அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் அடுத்த ரவை ஏறும். பழைய மாதிரித் துவக்கு, பெரிய வாய். 'நாற்பத்தைந்து எழுபது' என்ற ரவை போடுவது. ஒவ்வொன்றும் என் பெருவிரல் தடிப்பு. துவக்கு நல்லது. ஆள்தான் புதிது. அதுவரை அவர் சுட்டதெல்லாம் பறவை.

சிஞ்ஞோரா வெளியே போயிருந்தார். கடையில் என்னைத் தவிர, சப்பாத்து நாடா பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் மட்டும் இருந்தார்.

"காட்டுப் பண்டிக்கு. அந்தப் பெட்டியிலை ரெண்டு எடு" என்று அலுமாரியைக் காட்டினார் அவ்வொக்காத்தோ. அவர் காட்டியது கூர்முனைக் குண்டு வைத்த ரவை. ஒரு முறைக்கு ஒரு ரவை மட்டும் போடும் துவக்கு வைத்திருக்கும் இன்னொருவருக்காக எடுப்பித்தது.

"எங்கை சுடப்போறீங்கள்?" என்று கேட்டேன். எல்லாரிடமும் நான் முதலில் கேட்பது அதைத்தான்.

"மதோனியே. தோத்தோவின்ரை குழுவோடை."

தோத்தோவை எனக்குத் தெரியும். மலையில் தோட்டம் வைத்திருப்பவர், வேட்டைக் குழுவின் தலைவர். அவர்கள் போகும் காடு ஓக்கு மரமும் முள்ளுப் பற்றையுமாக அடர்ந்தது. நாய்கள் ஒரு பக்கத்தால் பன்றியைக் கலைத்து விரட்ட, மறுபக்கம் வரிசையாக ஆட்கள் நிற்பார்கள். நான் மூன்று பெட்டிகளை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"இது முந்நூறு கிறெயின் குண்டு. பாரம் குறைவு, முனையிலை குழி இருக்கு. கெதியாய் விரியும். சின்ன மானுக்குச் சரி. பெரிய ஆண் பண்டியின்ரை தோள்பட்டையிலை கேடயம் மாதிரித் தடிச்ச தோல் இருக்கு, அதிலை பட்டால் இது உடைஞ்சு நிண்டிடும். இது கெட்டி ஈயம். எதையும் துளைச்சுக்கொண்டு போகும். ஆனா பண்டிக்குப் பின்னாலை நாயும் ஆளும் நிக்கிற வேட்டையிலை எனக்கு இது விருப்பமில்லை. இது நானூற்றைந்து. பாரம், மிருதுவான ஈயம், தட்டை மூக்கு. உள்ளுக்கை போய் விரியும், ஆழமாயும் போகும். வேகம் குறைவு, உங்கடை தோளும் நோகாது. இதை எடுங்கோ."

அவர் பெட்டிகளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"கூர் முனைதான் கூடத் தூரம் போகும்."

"அந்தக் காட்டிலை தூரம் எண்டு ஒண்டு இல்லை. நாப்பது மீற்றருக்கு அங்காலை மரம் மட்டும்தான் தெரியும்."

"சரி, பாரமான குண்டு பத்தையை உடைச்சுக்கொண்டு போகுமாம். அதுவாவது உண்மையோ?"

"இல்லை. கொப்பிலை பட்டால் எந்தக் குண்டும் திரும்பும். இடைவெளி வரும்வரைக்கும் பொறுக்கவேணும்."

அவர் கையை நீட்டி, கூர்முனைப் பெட்டியை மறுபடி காட்டினார். அப்போது நான் கவுண்டருக்குக் கீழிருந்து காட்சிக்கு வைத்திருக்கும் வெற்று ரவைகளை எடுத்தேன். வெடிமருந்து இல்லாதவை. ஒன்றின் பின்னால் ஒன்றாக, ஒன்றின் மூக்கு மற்றதன் பின்பக்கத்தைத் தொடும்படி மூன்றைக் கிடத்தினேன்.

"உங்கடை துவக்கிலை ரவை இப்பிடித்தான் இருக்கும். குழலுக்குக் கீழை ஒரு குழாய், அதுக்குள்ளை வரிசையாய். பின்பக்கத்திலை நடுவிலை இருக்கிற இந்தப் பொட்டைப் பாருங்கோ. இதிலை ஊசி அடிச்சால்தான் ரவை வெடிக்கும். நீங்கள் ஒரு வெடி வைக்கத் துவக்கு உதைக்கும். உதைக்கேக்கை பின்னுக்கு நிக்கிற கூர் முனை முன்னுக்கு நிக்கிறதின்ரை பொட்டிலை குத்தும். குழாய்க்குள்ளையே வெடிக்கலாம். அந்தக் குழாயிலை இருக்கிறது உங்கடை இடது கை. தட்டை மூக்கு எண்டால் குத்தாது. அதுதான் இதை நான் தரமாட்டன்."

நாடா பார்த்தவர் எங்கள் பக்கம் திரும்பினார். அவ்வொக்காத்தோவின் காது சிவந்தது.

"உனக்கு ஆர் இதெல்லாம் சொல்லித் தந்தது? உங்கடை நாட்டிலை ஆக்களைச் சுட்டுப் பழகினியோ?"

நாடா பார்த்தவர் நிலத்தைப் பார்த்தார். நான் பெட்டியைத் திருப்பி அதன் பக்கத்தை அவருக்குக் காட்டினேன்.

"இல்லை. பெட்டியின்ரை பக்கத்திலை எழுதியிருக்கு. நான் வாசிச்சனான். நீங்கள் வாசிக்கேல்லை."

அவர் தொலைபேசியை எடுத்துச் சிஞ்ஞோராவை அழைத்து, நானும் கேட்கும்படி வைத்தார். சிஞ்ஞோரா தடுமாறினார். "றஞ்சினி, அவர் கேக்கிறதைக் குடு. பொறுப்பு அவர்தானே."

"நீங்கள் வந்து உங்கடை கையாலை குடுங்கோ சிஞ்ஞோரா. நான் குடுக்கமாட்டன்."

அவ்வொக்காத்தோ தொலைபேசியைச் சட்டைப் பையில் போட்டார். பிறகு வழக்கறிஞரின் குரலில், மெதுவாகக் கேட்டார்.

"உன்ரை ஒப்பந்தத்திலை என்ன வேலை எண்டு எழுதியிருக்கு?"

நான் வெற்று ரவைகளைக் கீழே எடுத்து வைக்கத் தொடங்கினேன். அவருக்கு அது போதும்.

"நிலம் துடைக்கிறவள் ரவை விக்கிறாள் எண்டு நான் ஒரு கடிதம் போட்டால் இந்தக் கடை என்னாகும் எண்டு யோசி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

4

ஏன் அவ்வளவு பிடிவாதம் என்று நீங்கள் கேட்கலாம்.

எனக்கு ஏழு வயதில், பயிர் காக்க அப்பாவிடம் உரிமம் எடுத்த துவக்கு ஒன்று இருந்தது. கச்சான் என்னும் நிலக்கடலைத் தோட்டத்துக்குப் பன்றி வரும். பன்றிக்கென்று பெரிய ஈயச் சன்னம் போட்ட தோட்டா உண்டு. அந்தக் கிழமை அது முடிந்திருந்தது. கொக்குக்குச் சுடும் பொடிச் சன்னம்தான் வீட்டில் கிடந்தது. "பரவாயில்லை, கிட்டத்திலைதானே" என்று பக்கத்துத் தோட்டக்காரர் சின்னராசா சொல்ல, அப்பா சுட்டார். பன்றி கத்திக்கொண்டு பற்றைக்குள் ஓடியது. விடிந்ததும் இருவரும் தேடிப் போனார்கள். அது செத்திருக்கவில்லை. சின்னராசாவின் தொடையை இடுப்பு வரை கிழித்துவிட்டது. உழவு இயந்திரப் பெட்டியில் அவரை ஏற்றிக்கொண்டு போனதும், பெட்டியின் பலகை இடுக்கால் இரத்தம் ஒழுகியதும் எனக்கு ஞாபகம். அவர் பிழைத்தார். ஆனால் அதன்பிறகு கால் மடங்கவில்லை. சண்டைக் காலத்தில் எல்லாரும் ஓடியபோது அவரால் ஓட முடியவில்லை.

கையில் கிடந்த தோட்டா போதும் என்று நினைத்ததுதான் அப்பா விட்ட பிழை. அவ்வொக்காத்தோ காசு கொடுத்து, சட்டப்படி, என் கையால் அதே பிழையை வாங்க வந்திருந்தார்.

5

பின்னேரம் சிஞ்ஞோரா வந்து கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "அவருக்கு ரெலிபோன் எடுத்து மன்னிப்புக் கேள். அவர் எழுதினால் எனக்கும் கடை போகும், உனக்கும் வேலை போகும்."

வேலை போனால் எனக்கு என்ன போகும் என்பதையும் எழுத வேண்டும். இந்த நாட்டில் நீண்டகாலம் தங்குவதற்கான அட்டைக்கு இரண்டாம் தடவையாக விண்ணப்பித்திருந்தேன். முதல் தடவை வேலை மணித்தியாலம் போதாது என்று திருப்பிவிட்டார்கள். கைரேகை கொடுக்கக் குவெஸ்தூரா என்ற பொலிஸ் தலைமையகத்தில் எனக்குக் கிடைத்த நாளுக்கு இன்னும் மூன்று கிழமை இருந்தது. ஒப்பந்தம் இல்லாமல் அந்த யன்னலுக்கு முன்னால் போய் நிற்க முடியாது.

என் கணவர் சிறிக்கு, நகரத்தின் கால்சாப் பகுதியில் ஓர் உணவகத்துச் சமையல் குசினியில் வேலை. அன்று அவருக்கு ஓய்வு நாள். நடந்ததைச் சொன்னேன்.

"நீர் என்னத்துக்கு வாயைக் குடுத்தனீர்? ஒரு மன்னிப்புத்தானே. சொல்லிப்போட்டு விடும். நாங்கள் இஞ்சை வந்தது துவக்கைப் பற்றிப் படிப்பிக்கவே?"

"நான் என்ன பிழை செய்தனான், மன்னிப்புக் கேக்கிறதுக்கு?"

"பிழை செய்தவை மட்டும்தான் மன்னிப்புக் கேக்கீனம் எண்டு ஆர் உமக்குச் சொன்னது?"

அவர் சொன்னது பொய்யில்லை. பதினான்கு வருடத்தில் செய்யாத பிழைகளுக்கு நாங்கள் இரண்டு பேரும் கேட்ட மன்னிப்புகளுக்கு எண்ணிக்கையில்லை. வீட்டுக்காரச் சிஞ்ஞோராக்களிடம், பஸ்ஸில், யன்னலுக்குப் பின்னால் இருந்தவர்களிடம். அன்று அந்தக் கணக்கு எனக்குள் முடிந்துபோயிருந்தது.

அபி தட்டை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். "அந்தாள் உங்களை என்ன சொன்னது? அப்பிடியே சொல்லுங்கோ" என்றாள். ஆட்களைச் சுட்டுப் பழகினாயா என்று கேட்டதையும் விடாமல் சொன்னேன். அவள் எழும்பி நின்று, பலேர்மோத் தெருப் பாஷையில் என்னவோ சொன்னாள். அதில் பாதி எனக்கு விளங்கவில்லை. விளங்கிய பாதியை இங்கே எழுத முடியாது.

பிறகு தமிழில் மெதுவாக, சொல் தேடித் தேடிச் சொன்னாள். "எனக்கு உங்கடை வேலை பிடிக்காது அம்மா. ஒருநாளும் பிடிக்காது. ஆனா மன்னிப்புக் கேக்காதேங்கோ."

சிறி சோற்றைப் பிசைந்தார். நானும் அபியும் மேசையில் உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினோம். சிஞ்ஞோராவுக்கு, என் ஒப்பந்தத்தில் உள்ள வேலையின் பெயரைத் திருத்தச் சொல்லி. 'கொம்மெஸ்ஸா', கடை விற்பனையாளர். அபி ஒவ்வொரு வரியிலும் 'தயவுசெய்து' போட்டிருந்தாள். ஒன்றை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் வெட்டச் சொன்னேன்.

6

காலையில் சிஞ்ஞோரா கடிதத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து வாசித்தார். கழுத்து நரம்பு புடைத்தது.

"மன்னிப்புக் கேக்கச் சொன்னால் நீ பதவி கேக்கிறாய். இதைக் கேக்கிற நேரமோ இது?"

"இதுதான் நேரம் சிஞ்ஞோரா. அவர் கடிதம் போட்டால், அதிலை இருக்கிறது உண்மையாய் இருக்கக்கூடாது. இல்லையெண்டால் இண்டையிலிருந்து நான் ஒப்பந்தத்திலை உள்ளதை மட்டும் செய்யிறன். பெட்டியை நீங்கள் வாசியுங்கோ."

மூன்று நாள் நிலம் மட்டும் துடைத்தேன். ஐந்து வருடத்தில் அந்தக் கடை அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை. சிஞ்ஞோரா பெட்டியை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். வாடிக்கையாளர்கள் என்னைப் பார்ப்பார்கள். நான் வாளியைப் பார்ப்பேன். எனக்குப் பயமில்லை என்று சொல்லமாட்டேன். பஸ்ஸில் போகும்போது குவெஸ்தூரா நாளை விரலில் எண்ணுவேன். கடைக்குள் காலை வைத்ததும் பிடிவாதம் வந்துவிடும்.

மூன்றாம் நாள் தோத்தோ வந்தார். எழுபது வயது, சேறு காயாத சப்பாத்தோடு. நான் துடைத்த நிலத்தில் நின்று, "இவ ஏன் துடைக்கிற தடியோடை நிக்கிறா?" என்று கேட்டார். நடந்ததைச் சிஞ்ஞோராதான் சொன்னார், அவ்வொக்காத்தோவின் பக்கம் கொஞ்சம் கூட்டி.

தோத்தோ முழுவதையும் கேட்டார். பிறகு என்னிடம் அந்த வெற்று ரவைகளைக் கேட்டு வாங்கி, நான் வைத்ததுபோலவே கவுண்டரில் வரிசையாக வைத்துப் பார்த்தார்.

"என்ரை வரிசையிலை அவருக்குத் தந்த இடம் எனக்குப் பக்கத்திலை. அவர் கூர் முனையோடை வந்து, துவக்கு வெடிச்சுதெண்டால் போறது என்ரை கண். அகத்தா, இந்தப் பெண் அதைக் குடுத்திருந்தால் நான் இனி இந்தக் கடைக்கு வந்திருக்கமாட்டன்."

அவர் என்மேல் இரக்கப்பட்டுச் சொல்லவில்லை. தன் கண்ணுக்காகச் சொன்னார். எனக்கு அதுதான் பிடித்தது.

அவர் போனதும் சிஞ்ஞோரா என் கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தார். பிறகு ஒப்பந்தம் எழுதும் கணக்காளருக்குத் தொலைபேசி எடுத்தார். பேசி முடித்துவிட்டு என் பக்கம் திரும்பாமலே, "தடியை வை. அந்த அலுமாரியிலை முந்நூறு எத்தினை பெட்டி இருக்கு எண்டு பார்" என்றார். அடுத்த கிழமை புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தோம். வேலையின் பெயர் மாறியது. மணித்தியாலமும் கூடியது.

குறித்த நாளில் அந்த ஒப்பந்தத்தோடு குவெஸ்தூராவுக்குப் போய் இரண்டு மணித்தியாலம் வரிசையில் நின்றேன். யன்னலுக்குப் பின்னாலிருந்த பெண் ஒப்பந்தத்தைப் பார்த்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஆயுதக் கடையிலா? நீங்களா?"

"ஓம், நான்தான்" என்று இத்தாலியனில் சொல்லிவிட்டுப் பத்து விரலையும் வைத்தேன். அட்டை இன்னும் வரவில்லை. வரும் என்கிறார்கள். அவ்வொக்காத்தோவின் கடிதமும் வரவில்லை. அது வராது என்று நினைக்கிறேன்.

டிசம்பர் நடுவில் தோத்தோ மறுபடி வந்தார். அவ்வொக்காத்தோ வேட்டைக்கு வந்தாராம். வரிசையில் நிற்க விடுமுன் துவக்கைக் காலியாக்கி ரவையைக் காட்டச் சொல்லியிருக்கிறார் தோத்தோ. காட்டினாராம். எல்லாம் நானூற்றைந்து, தட்டை மூக்கு. நகரத்தின் மற்றக் கோடியில் உள்ள ஒரு கடையில் வாங்கியிருக்கிறார். முப்பது அடி தூரத்தில் ஒரு பெரிய ஆண் பன்றி வந்ததாம். மரங்களுக்கு இடையில் வெளி வரும்வரை பொறுத்து ஒரே ஒரு வெடி வைத்தாராம். பன்றி இருபது அடி ஓடி விழுந்துவிட்டது.

சிஞ்ஞோராவுக்கு வியாபாரம் போன கவலை. "பார், வேறை கடைக்குக் காசு போயிட்டுது" என்றார். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. தோத்தோவும் சிரித்தார்.

"அவரைக் கண்டால் என்ன சொல்ல?" என்று கதவடியில் நின்று கேட்டார்.

"அடுத்த முறை அவ்வளவு தூரம் போகவேண்டாம் எண்டு சொல்லுங்கோ" என்றேன். "இஞ்சை நான் நிப்பன்."